ஆட்டுக்குச் சொன்ன கடைசி இயல்

உலகம்மாளின் லேப்டாப் மண்டையைப் போட்ட மறுநாள் காலையில், எங்கள் தெருவின் டீக்கடை சாகுல் பாய், முதல் டீயை ஆற்றியபடி, முன்னால் நின்றவரிடம் சீனி போடவா என்று கேட்க வாயைத் திறந்தார், திறந்த வாயிலிருந்து ‘முசுறு எறும்புகள் தம் கூட்டின் எல்லையை வாசனையால் அறிகின்றன’ என்று வந்தது, அவரும் அதைத் திருத்திக்கொள்ளத் தோன்றாதவராக அடுத்த வாக்கியத்துக்குப் போய், அதற்கடுத்த வாக்கியத்துக்கும் போய், டீ ஆறி ஆடை கட்டும்வரை எறும்புகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். முன்னால் நின்றவர் லைன்மேன் குற்றாலிங்கம். அவர் பொறுமையாக முழுவதையும் கேட்டுவிட்டு, “சீனி கம்மியா, பாய்” என்று சொல்லி வாங்கிக் குடித்தார். தென்காசிப் பக்கம் சாரல் பிந்திப்போன வருஷம் அது, அதைவிடப் பெரிய குறை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

குற்றாலிங்கம் வேறு யாருமில்லை, உலகம்மாளின் கணவர்தான். தான் குடித்த டீயோடு சேர்ந்து காதில் விழுந்தது தன் பெண்டாட்டி எழுதியது என்று அவருக்கே தெரியாது, ஏனென்றால் அவள் அப்படியொன்றை எழுதுகிறாள் என்பதே அவருக்குத் தெரியாது.

உலகம்மாள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், தன் வீட்டு மாமரத்தடியிலும் கோயில் பக்கத்துப் பூவரசடியிலும் தண்ணீர்த் தொட்டி வேம்படியிலும் மாறி மாறி அண்ணாந்து நிற்பாள். பாதித் தெரு அதை நேர்த்திக்கடன் என்று நினைத்தது, மீதித் தெரு கழுத்துவலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சி என்று நினைத்தது. ஆனால் அவள் பல வருஷமாக, இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு முசுறு எறும்புகளை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள், அதைத் தமிழிலேயே எழுதப் பல்கலைக்கழகத்தில் போராடி அனுமதியும் வாங்கியிருந்தாள், இதில் ஒரு வார்த்தைகூட ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தை முடிவதற்கு முன்னால் வெளியில் சொன்னால் கண்ணு பட்டுவிடும். பெண்ணுக்கு வரன் பார்ப்பதைச் சொல்லமாட்டோம், வயிற்றில் பிள்ளை தங்கியதைச் சொல்லமாட்டோம், வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டிவிட்டுக்கூட, அதில் எட்டிப் பார்ப்பவர்களிடம் குப்பைக்குழி என்றுதான் சொல்வோம். முனைவர் பட்டம் என்பது அஸ்திவாரத்தைவிடப் பெரிய குழி. அதனால் உலகம்மாள் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துத் தம்பியிடம் கொடுத்து வைக்கவில்லை, கொடுத்தால் தம்பி பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடும். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போடவில்லை, போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். எல்லாம் அந்தப் பழைய லேப்டாப்புக்குள்ளேயே கிடந்தது.

அந்த லேப்டாப்பையும் அவள் நன்றாகத்தான் வைத்திருந்தாள், கொஞ்சம் அதிகமாகவே நன்றாக. சரஸ்வதி பூஜை வந்தால் மற்ற புத்தகங்களோடு அதையும் மனையில் ஏற்றி, பொட்டு வைக்கத் தோதான இடம் தேடி, பக்கவாட்டில் சூடு வெளியேறுவதற்காக விட்டிருந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்து, அங்கே சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். வருஷத்துக்கு வருஷம் சந்தனம் உள்ளே காய்ந்து இறுகியது, வருஷத்துக்கு வருஷம் அதன் அடிவயிறு தோசைக்கல்லாகச் சுட்டது. முதலில் அது முனகியது, பிறகு யாரோ பல்லைக் கடிப்பது மாதிரிச் சத்தம் போட்டது, ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் யோசித்து யோசித்துத் திறந்தது. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும், கொடுத்த அவகாசத்துக்கெல்லாம் கடைசி அவகாசம் அது, தவறினால் பதிவே ரத்து என்று இருந்த வாரத்தின் தொடக்கத்தில், ‘டிக், டிக்’ என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு அணைந்தது.

அவள் அதை மஞ்சப்பைக்குள் வைத்து, மேலே கீரைக்கட்டால் மூடி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெபராஜிடம் கொண்டுபோனாள். ஜெபராஜ் கழற்றிப் பார்த்தார், சந்தனத்தைச் சுரண்டி எடுத்து முகர்ந்து பார்த்தார், ஹார்டு டிஸ்கைத் தன் மெஷினில் மாட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உள்ள ஒண்ணுமே இல்ல, டீச்சர். அழிஞ்சு போயிருந்தாத் தடம் கெடக்கும். இது அழியல, கெளம்பிப் போயிருக்கு.”

“எங்க போயிருக்கும்?”

“பக்கத்துலதான். வயசான டிஸ்க்குல சிலது இப்பிடித்தான், சாவுறதுக்கு முந்தி உள்ள கெடக்கறத அக்கம்பக்கத்துல குடுத்துட்டுப் போயிரும். போன வருசம் ஒரு கல்யாண வீடியோ இப்பிடித்தான் போச்சு, அந்த வளவு வீடுகள்ல உள்ளவங்க எல்லாருக்கும் ஒரு மாசம் காதுல கெட்டிமேளந்தான். நான் புது டிஸ்க் போட்டுத் தாரேன், நீங்க தெருவுல விசாரிங்க.”

“விசாரிக்கணும்னா சொல்லணுமே” என்றாள் உலகம்மாள்.

“சொல்லாம எப்பிடி டீச்சர் விசாரிப்பீங்க?”

அவளுக்கு அழுகை வந்தது. போனது போகட்டும் என்று விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்போடு தெருமுனைக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

ஏனென்றால் தெரு அதற்குள் அவளுடைய ஆய்வேட்டோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியிருந்தது. பூக்காரி பிச்சம்மாள் முழம் போடும்போது, ‘வேம்புக் கூடு, காலை, வெயில், முன்னேறின, பூவரசுக் கூடு, மாலை, மழை, பின்வாங்கின’ என்று அட்டவணையை ராகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்டுக்கொண்டே நின்றவர்கள் தேவைக்கு மேல் ஒரு முழம் வாங்கிப் போனார்கள். முதல் வீட்டுக் கோலத்தில் அன்றைக்குத் தாமரை இல்லை, ஒரு கோடு மேலேறி வளைந்து கீழிறங்கியது, ஓரத்தில் ‘கூடுகளுக்கு இடையிலான தூரம்’ என்று மாவிலேயே எழுதியிருந்தது, போட்ட பெண் அதற்கு நடுவில் ஒரு பூசணிப்பூ வைத்திருந்தாள். ஆய்வு முறைகளைப் பற்றிய இயலைச் சொன்னால் கைக்குழந்தை உடனே தூங்கிவிடுகிறது என்று ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்காரி கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவுக்கும் யாரும் பூசாரியைக் கூப்பிடவில்லை, டாக்டரையும் கூப்பிடவில்லை. கெட்ட வார்த்தையா வருகிறது, எறும்புதானே என்று இருந்தோம்.

உலகம்மாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். சாகுல் பாய் இரண்டாம் இயலின் நடுவில் இருந்தார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு, “பாய், அது என்னோடது” என்றாள்.

“ஒங்களுதா?” சாகுல் பாய் வடிகட்டியைக் கீழே வைத்தார். “நெனச்சேன் டீச்சர். இவ்வளவு நீளமா மூச்சுவிடாமப் பேசறதுக்கு இந்தத் தெருவுல வேற யாரு இருக்கா.”

அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள், வெள்ளிக்கிழமையைச் சொன்னாள், ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். எங்கள் கண்ணுக்குப் பயந்திருக்கிறாள் என்று கேட்டபோது எங்களுக்குக் கோபம் வரவில்லை, நாங்களும் அப்படித்தானே இருக்கிறோம். கூட்டத்தில் நின்ற குற்றாலிங்கம் மட்டும், “நீ ஜோசியம் படிக்கேன்னுல்லா நான் நெனச்சேன்” என்றார். அவர் குரலில் வருத்தத்தைவிட நிம்மதிதான் தெரிந்தது.

அன்றிலிருந்து மாமரத்தடியில் ஸ்டூல் போட்டு, புது டிஸ்க் போட்ட பழைய லேப்டாப்பை வைத்து அவள் உட்கார்ந்தாள், கையில் ஒரு இயலோ ஒரு அட்டவணையோ ஒரு அடிக்குறிப்போ இருந்த எல்லாரும் வரிசையில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லி முடித்து அவள் சேமித்ததும் சொன்னவருக்கு ஒரு தும்மல் வரும், தும்மியதும் அது அவரைவிட்டுப் போய்விடும். சிலர் அப்பாடா என்றார்கள். பிச்சம்மாள் கடைசி அட்டவணையைத் தும்மிவிட்டு வெகுநேரம் எழுந்திருக்காமல் இருந்தாள், பூ விற்பனைக்கு அது எவ்வளவு தோதாக இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வந்தார்கள், மற்றவர்கள் வெயில் தாழ்ந்து வந்தார்கள், ஜெபராஜ் கடையைச் சாத்திவிட்டு வந்து மூன்று பிரதி எடுத்து மூன்று வீடுகளில் கொடுத்து வைத்தார். உலகம்மாள் தடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் எல்லாம் வந்து சேர்ந்திருந்தது, முடிவுரையைத் தவிர. ஆய்வேட்டில் எது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், முடிவு இல்லாமல் எதை ஒப்படைப்பது? யாரிடம் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று தெரு முழுக்கக் கேட்டாயிற்று. பக்கத்துத் தெருவிலும் கேட்டாயிற்று. கேட்காத வீடு ஒன்றே ஒன்றுதான், மாமரத்துக்கு அந்தப்புறம் சுவரை ஒட்டியிருந்த ஆவுடையம்மாள் வீடு. அவளும் உலகம்மாளும் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. இந்த வாரம் முழுக்க ஆவுடையம்மாள், வழக்கமில்லாத வழக்கமாக, வாய் கொள்ளாத வெற்றிலையை அடைத்துக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு திரிந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம். அந்த வெற்றிலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது எங்களுக்கு விளங்கிவிட்டது, போய்க் கேட்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் எங்கள் பக்கத்தில் பேசிக்கொள்ளாமல் இருப்பார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பேசுவார்கள், நேராகப் பேசமாட்டார்கள். ஒருத்தி கோழியைத் திட்டுவாள், அடுத்தவள் அம்மிக்குப் பதில் சொல்வாள், யாருக்குச் சொன்னது என்பது தெருவுக்கே தெரியும். அந்த வியாழக்கிழமை, உலகம்மாள் லேப்டாப்புக்கு முன்னால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சுவருக்கு அந்தப்பக்கம் வெற்றிலை துப்பும் சத்தம் கேட்டது, வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது, பிறகு ஆவுடையம்மாள் தன் ஆட்டைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“ஏட்டி கருப்பி, இங்க வா. ஒனக்கு ஒண்ணு சொல்லுதேன். வேணுங்கறவ எழுதிக்கிடட்டும். முடிவுரை.”

உலகம்மாளின் விரல்கள் தாமாகவே எழுத்துகளின் மேல் போயின.

“தொலைவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட எறும்புகளைவிட, அடுத்த மரத்துக் கூட்டின் எறும்புகளையே முசுறுகள் மிகக் கடுமையாகத் தாக்கின” என்று ஆவுடையம்மாள் ஆட்டுக்குச் சொன்னாள். ஆடு இலை மென்றது. அடுத்த வாக்கியத்தை அவள் வேகமாகச் சொல்லிவிட்டாள்.

உலகம்மாள் கைக்கு எட்டிய இடத்தில் ஒரு வாளி இருந்தது. அவள் அதைப் பார்த்து, “ஏ வாளி, அடுத்த வரி எப்பிடி ஆரம்பிச்சுச்சுன்னு வெளங்கலயே. கொஞ்சம் மெதுவாச் சொன்னா என்ன?” என்றாள்.

“கருப்பி, பொறுமையாக் கேளு. ‘அயல்கூட்டின் வாசனை நன்கு பழகியதாக இருப்பதால்’. வந்துச்சா? இது என்ன, நம்மளப் பத்தியே எழுதுன மாதிரில்லா இருக்கு.”

இப்படி ஆட்டுக்கும் வாளிக்குமாக முடிவுரை ஓடியது. நாங்கள் வேலிக்கு வெளியே மூச்சுக் காட்டாமல் நின்றோம். பாதிக்கு மேல் வந்துவிட்டது, இன்னும் ஒரு பக்கம் இருக்கும், ஆய்வின் வரம்புகள் என்ற பகுதிக்கு ஆவுடையம்மாள் வந்தாள்.

“ஆய்வின் நடுவில், மாமரத்தின் கிழக்குக் கிளையில் நெடுங்காலம் கவனிக்கப்பட்டுவந்த முதன்மைக் கூடு, அயல்வீட்டாரின் அறியாமையால் வெட்டி எரிக்கப்பட்டது.”

அதோடு குரல் நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் ஆடு மெல்லும் சத்தம் மட்டும் வந்தது. உலகம்மாள் அந்த வரியை அடித்து முடித்திருந்தாள், அடித்த பிறகுதான் அது யாருடைய வாயால் வந்தது என்று அவளுக்கு உறைத்தது.

“கருப்பி” என்றாள் ஆவுடையம்மாள், சத்தம் இறங்கிப்போன குரலில். “அறியாமைன்னா என்னட்டி? புத்தி கெட்டவன்னு சொல்றதுதான?”

உலகம்மாள் எழுந்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள், அவள் தலை சுவருக்கு மேலே வந்தது.

“மைனி” என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்த உறவுமுறையைத் தெரு கேட்டு எவ்வளவு காலமாயிற்று! ஆவுடையம்மாள் நிமிர்ந்து பார்க்காமல் ஆட்டின் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

“அது கோவத்துல எழுதுனது, மைனி.”

“எறும்பு காயப்போட்ட துணிக்குள்ள பூந்து கடிச்சிச்சு, எங்கூட்டுப் பக்கம் நீண்ட கொப்பு, வெட்டுனேன்” என்றாள் ஆவுடையம்மாள். “அதுக்கு நீ தெருவே கூடி நிக்கையில, நீயெல்லாம் ஒரு மனுசியான்னு கேட்ட. ஒரு எறும்புக் கூட்டுக்கா ஒருத்தி இப்பிடிக் கேப்பா? நான் வேற என்னத்தயோ செஞ்சிருக்கேன், அதத்தான் மனசுல வச்சுக்கிட்டுக் கேக்கான்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஆம்புடல. இன்னைக்கு வரைக்கும் ஆம்புடல.”

“வேற ஒண்ணுமே இல்ல, மைனி. அந்தக் கூட்டுலதான் நான் அதுவரைக்கும் பாத்ததெல்லாம் இருந்துச்சு. அது போனதும் மறுபடி மொதல்லருந்து ஆரம்பிச்சேன்.”

“சொல்லியிருக்கலாம்லா.”

“கண்ணு பட்டுரும்னு…”

“எங் கண்ணா?”

உலகம்மாள் வாளிமேல் நின்றபடியே அழுதாள். “அந்த வரிய எடுத்துருதேன், மைனி. இப்பவே எடுத்துருதேன்.”

“எடுக்காத. வெட்டுனது நெசந்தான?” ஆவுடையம்மாள் இப்போதுதான் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தாள், முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். “எடுக்க வேண்டாம். அதுக்கு அடியில கூட ஒரு வரி போட்டுக்கோ. சொல்லியிருந்தா வெட்டியிருக்க மாட்டான்னு போட்டுக்கோ.”

உலகம்மாள் இறங்கிப் போய், தன் ஆய்வேட்டின் நடையிலேயே, ‘முன்னரே தெரிவித்திருந்தால் அவர் அதை வெட்டியிருக்கமாட்டார்’ என்று சேர்த்தாள், சேர்த்ததைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினாள். ஆவுடையம்மாள் சரி என்றாள். பிறகு ஆட்டை அவிழ்த்துவிட்டு, தெரு வழியாகவே சுற்றி வந்து, எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், மாமரத்தடியில் உலகம்மாளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மிச்சப் பக்கத்தை முகத்துக்கு முகம் சொன்னாள். ‘இதற்கு மேலும் ஆய்வு தேவை’ என்று அது முடிந்தது. உலகம்மாள் சேமித்தாள். ஆவுடையம்மாள் தும்மியது கோயில்வரை கேட்டது, வேலிக்கு வெளியே நின்ற நாங்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக் கல்யாணமே முடிந்த மாதிரிச் சிரித்தோம். சாகுல் பாய் அன்றைக்குச் சீனியைக் கை நிறைய அள்ளிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டது. செத்துப்போன டிஸ்கை ஜெபராஜ் தூர எறியச் சொன்னார், உலகம்மாள் எறியாமல் அதை மாமரத்தின் கிழக்குப் பக்கம் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். அங்கே வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புதுக் கொப்பு நீண்டு ஆவுடையம்மாள் வீட்டுப் பக்கம் போயிருந்தது, ஐப்பசி மழைக்குப் பிறகு முசுறுகள் அந்தக் கொப்பில் இலைகளைத் தைக்க ஆரம்பித்தன. ஆவுடையம்மாள் துணிக்கொடியை வாசல் பக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டாள்.

தை மாதம் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு நடந்தது. அதற்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், வருகிறவர்களுக்குப் பட்டம் வாங்குகிறவர் மிக்சரும் லட்டும் கொடுக்க வேண்டும். வழக்கமாக நாலைந்து பேராசிரியர்கள்தான் வருவார்களாம், எங்கள் தெரு ஒரு வேன் பிடித்துப் போய் இறங்கியதில் மிக்சர் பற்றாமல் போய்விட்டது. உலகம்மாள் எல்லாக் கேள்விகளுக்கும் நின்று பதில் சொன்னாள். எங்களுக்கு இப்போது அதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை, ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல, எப்போதோ நம் வீட்டில் தங்கிவிட்டுப் போன விருந்தாளியைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடைசியில் முடிவுரையைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“எல்லாம் சரி. இங்க ‘முன்னரே தெரிவித்திருந்தால் அவர் அதை வெட்டியிருக்கமாட்டார்’னு ஒரு வாக்கியம் இருக்கு. நடக்காத ஒண்ணப் பத்தி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்களே, இதுக்கு என்ன ஆதாரம்?”

உலகம்மாள் வாயைத் திறப்பதற்குள், பின்வரிசையில் லட்டைக் கைக்குட்டையில் பொதிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாள் எழுந்து நின்றாள். பெரிய மனிதர்கள் இருக்கிற இடமாயிற்றே என்று தயங்கி அவள் எதையும் சாடையாகச் சொல்லவில்லை, நேராகவே சொன்னாள்.

“வெட்டுனது நாந்தான் ஐயா. எங்கிட்டச் சொல்லல. சொல்லியிருந்தா வெட்டியிருக்க மாட்டேன். எழுதிக்கோங்க.”

அவர் எழுதிக்கொண்டார்.